யார் பெயரில், எந்தக் கீயோடு, யாரிடம்?

பில்ட் சர்வரைப் புதிய இயந்திரத்துக்கு மாற்றும்போது ஜாப்கள் எல்லாம் வந்து சேர்ந்தனவா, பிளகின் பதிப்புகள் ஒத்துப்போகின்றனவா, டிஸ்க் போதுமா என்றுதான் எல்லாரும் பார்ப்பார்கள். அவை அநேகமாகச் சரியாகவே இருக்கும். மறுநாள் காலை பில்ட்கள் சிவப்பாகி நிற்பது வேறோர் இடத்தில், சோர்ஸ் கோடை எடுத்துவரும் முதல் கட்டத்தில். வேலை கம்பைலர் வரைக்கும் போயிருக்காது. அதற்கு முன்பே கிட் சர்வர் ‘நீ யார்’ என்று கேட்டு, பதில் பிடிக்காமல் திருப்பி அனுப்பியிருக்கும்.

என் பணிக்காலத்தின் பெரும்பகுதி பில்ட், ரிலீஸ் வேலையில்தான் போயிருக்கிறது. சென்னையில் நான் வேலை பார்த்த ஒவ்வோர் இடத்திலும் ஒரு சர்வர் மாற்றமாவது நடந்திருக்கிறது; ஒவ்வொன்றிலும் இந்தச் சிக்கல் வந்திருக்கிறது. காரணம் எளிது. வீடு மாறும்போது சாமான்களை லாரியில் ஏற்றி இறக்கிவிடலாம். கேஸ் இணைப்பிலும் ரேஷன் கார்டிலும் முகவரியை நாமே போய் மாற்றினால்தான் உண்டு. சர்வருக்கும் அப்படித்தான். கோப்புகளை ஆர்சிங்க் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்துவிடும். பழைய இயந்திரத்தின் மேல் மற்ற இயந்திரங்கள் வைத்திருந்த நம்பிக்கையை எந்தக் கருவியாலும் நகலெடுக்க முடியாது.

இந்த நேரத்தில் பதற்றத்தில் புதுக் கீ உருவாக்குவது, பாஸ்வேர்டு மாற்றுவது என்று இறங்குவார்கள். அதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும். இந்த வேலை யார் பெயரில் ஓடுகிறது? எந்தக் கீயைக் காட்டுகிறது? யாரிடம் காட்டுகிறது? நான் பார்த்த அத்தனை கோளாறுகளும் இந்த மூன்றில் ஏதோ ஒன்றுக்குள் அடங்கியவைதான்.

முதல் கேள்வியிலேயே பலர் வழுக்குவார்கள். எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருநாள் வந்து நின்றாள்.

“அண்ணா, என் லாகின்ல கிட் குளோன் வருது. ஜென்கின்ஸ்ல மட்டும் பெர்மிஷன் டினைட்னு அடிக்குது.”

“யார் பேர்ல ஓட்டிப் பாத்தே?”

“என் பேர்லதான்.”

“ஜென்கின்ஸ் யூசரா மாறி ஓட்டிப் பாரும்மா.”

நம் லாகினில் குளோன் வந்தால் நெட்வொர்க் திறந்திருக்கிறது, முகவரி சரி என்று மட்டும்தான் அர்த்தம். பில்ட்களை ஓட்டும் ஜென்கின்ஸ் சேவை, லினக்ஸில் தனக்கென்று ஒரு யூசரின் பெயரில் ஓடும். விண்டோஸில் நிறுவும்போது வேறு கணக்கு எதுவும் கொடுக்காவிட்டால், லோக்கல் சிஸ்டம் என்ற கணக்கின் பெயரில் ஓடும். அந்தக் கணக்கின் ஹோம் ஃபோல்டர் சிஸ்டம்32-க்குள் எங்கோ ஆழத்தில் இருக்கிறது. நிர்வாகி தன் ஃபோல்டரில் பத்திரமாக வைத்த கீ அதன் கண்ணிலேயே படாது.

அவள் ஜென்கின்ஸ் யூசராக மாறி ஓட்டினாள். அதே பிழை. ஹோம் ஃபோல்டரில் கீ இருக்கிறது, பெர்மிஷன் 600, எல்லாம் சரி என்றாள். கிட்டுக்கு அடியில் ஓடும் எஸ்எஸ்ஹெச்சைப் பேசவைக்கச் சொன்னேன். கிட்எஸ்எஸ்ஹெச் கமாண்ட் என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் எஸ்எஸ்ஹெச்சோடு ‘-வி’ என்று சேர்த்துவிட்டால், கிட் ஓடும்போது அடியில் நடப்பதெல்லாம் வரிவரியாக வரும். அதில் ஒரு வரியில் ஐடென்டிட்டி ஃபைல் என்று தொடங்கி, கீயின் முழுப் பாதை வந்து, கடைசியில் ‘டைப் -1’ என்று இருந்தது. அந்த -1, இந்த இடத்தில் தேடினேன், கீ கிடைக்கவில்லை என்பதன் அடையாளம். பாதையை உற்றுப் பார்த்தாள். அவள் கீயை வைத்த ஃபோல்டர் அது இல்லை.

கிட் தன் அமைப்புகளை ஹோம் என்ற என்விரான்மென்ட் வேரியபிள் காட்டும் ஃபோல்டரில் தேடுகிறது. எஸ்எஸ்ஹெச் அந்த வேரியபிளைப் பொருட்படுத்துவதே இல்லை; பாஸ்வேர்டு கோப்பில் அந்த யூசருக்கு எந்த ஹோம் பதிவாகியிருக்கிறதோ அங்கேதான் போகும். பழைய சர்வரில் யாரோ ஹோமை வேறு டிஸ்க்குக்கு மாற்றியபோது இரண்டையும் மாற்றியிருந்தார்கள். புதிய சர்வருக்கு வந்தது சேவைக் கோப்பில் இருந்த வேரியபிள் மட்டும். கிட் ஒரு வீட்டிலும் எஸ்எஸ்ஹெச் இன்னொரு வீட்டிலும் தேடிக்கொண்டிருந்தன. பாஸ்வேர்டு கோப்பில் ஒரு வரியைத் திருத்தியதும் பில்ட் ஓடியது. ‘-வி’ போட்டுப் பார்க்காமல் இதை ஊகித்துக் கண்டுபிடித்திருக்க முடியாது. நான் சொல்லிக்கொடுத்ததில் அந்த ஒரு பழக்கத்தைத்தான் அவள் இன்றுவரை விடாமல் வைத்திருக்கிறாள்.

பிழைச் செய்தியை முழுதாகப் படிப்பதும் அப்படிப்பட்ட பழக்கம்தான். எல்லாமே ‘ஆத்தென்டிகேஷன் ஃபெயில்’ என்று ஒரே பெயரில் டிக்கெட்டாக வரும். உள்ளே வெவ்வேறு ஆட்கள் மறுத்திருப்பார்கள். ‘ஹோஸ்ட் கீ வெரிஃபிகேஷன் ஃபெயில்ட்’ என்று வந்தால் மறுத்தது நம்முடைய இயந்திரம். கிட் சர்வர் தன்னை அறிமுகம் செய்துகொண்டது, இது யாரென்று எனக்குத் தெரியாது என்று நம் சர்வர் விலகிக்கொண்டது. நம் கீயை இன்னும் எடுத்துக் காட்டவே இல்லை; அப்படியிருக்க அதை மாற்றி என்ன பயன்? பழைய சர்வரில் யாரோ என்றோ ஒருநாள் கையால் ‘எஸ்’ என்று தட்டிய பதில் நோன் ஹோஸ்ட்ஸ் கோப்பில் பதிந்திருக்கும். புதிய சர்வரில் அந்தக் கோப்பு காலி. ஜென்கின்ஸ் பின்னணியில் ஓடுவதால் கேள்வி கேட்டாலும் பதில் தட்ட ஆளில்லை. ‘பெர்மிஷன் டினைட், பப்ளிக் கீ’ என்று வந்தால்தான் நம்மிடம் இருந்த எந்தக் கீயாலும் உள்ளே போக முடியவில்லை என்று பொருள்.

கிட்ஹப்பில் ‘ரெப்பாசிட்டரி நாட் ஃபவுண்ட்’ என்று வரும் செய்தி இன்னும் ஏமாற்றும். பெயரில் எழுத்துப்பிழையோ என்று எல்லாரும் முகவரியையே திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். அனுமதி இல்லாதவர்களுக்குப் பிரைவேட் ரெப்போ இருப்பதையே காட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக அந்தப் பதில். டிப்ளாய் கீ வைத்திருக்கும் சர்வர்களில் இதை அடிக்கடி பார்க்கலாம். கிட்ஹப்பில் ஒரு டிப்ளாய் கீயை ஒரே ஒரு ரெப்போவுக்குத்தான் கொடுக்க முடியும். சர்வரில் பல கீகள் இருந்தால் எஸ்எஸ்ஹெச் ஒவ்வொன்றாக நீட்டும். முதலில் ஒப்புக்கொள்ளப்பட்ட கீயோடு நின்றுவிடும். அது வேறு ரெப்போவின் கீயாக இருந்தால், ஆள் யாரென்று தெரிந்துவிட்டது, ஆனால் இங்கே அவருக்கு வேலையில்லை என்ற நிலை. கிட்ஹப்புக்கு எஸ்எஸ்ஹெச் மூலம் வெறும் சோதனை இணைப்பு ஒன்றைக் கொடுத்துப் பார்த்தால் ‘ஹாய்’ என்று சொல்லி யூசர் பெயரையோ டிப்ளாய் கீக்கு உரிய ரெப்போ பெயரையோ அதுவே சொல்லிவிடும். நம்மை யாரென்று நினைத்துக்கொண்டிருக்கிறது என்பதை அதனிடமே கேட்டுவிடலாம். ஒவ்வொரு ரெப்போவுக்கும் எஸ்எஸ்ஹெச் கான்ஃபிக்கில் தனிப் பெயர் கொடுத்து, இந்தக் கீயை மட்டும் காட்டு என்று எழுதிவிட்டால் குழப்பம் தீரும்.

இரண்டாவது கேள்வி கீயைப் பற்றியது. ஜென்கின்ஸ் தன் கிரெடென்ஷியல்களைக் கிரெடென்ஷியல்ஸ் எக்ஸ்எம்எல் கோப்பில் குறியாக்கம் செய்து வைக்கிறது. அந்தக் குறியாக்கத்தைத் திறக்கும் சாவிகள் சீக்ரெட்ஸ் என்ற தனி ஃபோல்டரில் இருக்கின்றன. ஒன்றின் பெயர் மாஸ்டர் கீ. இன்னொன்றின் பெயர் ஹட்சனில் தொடங்கும். கோசுகே கவாகுச்சி சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்தபோது எழுதிய ஹட்சன்தான், ஆரக்கிளோடு பெயர் உரிமைச் சிக்கல் வந்த பிறகு 2011-இல் ஜென்கின்ஸ் ஆனது. கோப்பின் பெயரில் பழைய பெயர் தங்கிவிட்டது. சில பேக்கப் ஸ்கிரிப்டுகள் பாதுகாப்புக் கருதி சீக்ரெட்ஸ் ஃபோல்டரைத் தவிர்த்துவிடும். அப்படி மாற்றிய சர்வரில் திரையைப் பார்த்தால் கிரெடென்ஷியல்களின் பெயர்கள் ஒன்றுவிடாமல் இருக்கும். உள்ளடக்கத்தைத்தான் திறக்க முடியாது. திறக்க முடியாதபோது ஜென்கின்ஸ் அந்தக் குறியாக்க எழுத்துகளையே பாஸ்வேர்டாக எடுத்துக்கொண்டு அனுப்பும். எதிர்முனையில் ‘தவறான பாஸ்வேர்டு’ என்று பதிவாகும். இங்கே எல்லாரும் பாஸ்வேர்டை யார் மாற்றியது என்று விசாரித்துக்கொண்டிருப்பார்கள். ஒரே நேரத்தில் எல்லாக் கிரெடென்ஷியல்களும் தோற்றால் முதலில் பார்க்க வேண்டியது சீக்ரெட்ஸ் ஃபோல்டரைத்தான்.

கீ சரியாக இருந்து, பெர்மிஷன் சரியாக இருந்து, பெயரும் சரியாக இருந்தும் தோற்ற மாற்றம் ஒன்று உண்டு. எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது அதுதான். உபுண்டு 18.04-க்கான வழக்கமான ஆதரவு 2023 மே மாதத்தோடு முடிந்ததால், அந்தப் பதிப்பில் ஓடிய பில்ட் சர்வரை 22.04-க்கு மாற்றினோம். கிட்ஹப்பில் இருந்த ரெப்போக்கள் வந்தன. நிறுவனத்துக்குள் இருந்த பழைய கிட் சர்வரின் ரெப்போக்கள் மட்டும் ‘பெர்மிஷன் டினைட்’. பிரைவேட் கீ கோப்பு இரண்டு இயந்திரங்களிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. பழைய இயந்திரத்திலிருந்து போனால் வேலை செய்தது, புதியதிலிருந்து இல்லை.

‘-வி’ போட்ட லாகில் விடை இருந்தது. கிட் சர்வரின் ஹோஸ்ட் கீ ஈசிடிஎஸ்ஏ வகை என்று ஒரு வரி, அது ஏற்கப்பட்டுவிட்டது. பிறகு, ஆர்எஸ்ஏ கீயை நீட்டுகிறேன் என்று ஒரு வரி. அடுத்த வரி, ‘நோ மியூச்சுவல் சிக்னேச்சர் அல்காரிதம்’. அதோடு சரி; முயன்று பார்க்க வேறு வழி இல்லை என்று முடித்துக்கொண்டது. கீ நிராகரிக்கப்படவில்லை. எந்த முறையில் கையெழுத்துப் போடுவது என்பதில் இரண்டு பக்கமும் உடன்படவில்லை.

ஆர்எஸ்ஏ கீ ஒன்றுதான். அதைக்கொண்டு கையெழுத்திடும் முறைகள் பல. பழைய முறை எஸ்ஹெச்ஏ-1 என்ற ஹாஷைப் பயன்படுத்தியது. ஒரே எஸ்ஹெச்ஏ-1 மதிப்பு கொண்ட இரண்டு வெவ்வேறு கோப்புகளை 2017-இல் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு மையமும் கூகுளும் உருவாக்கிக் காட்டின. 2020-இல் அதைவிட ஆபத்தான தாக்குதலை லூரன், பேரன் என்ற இரு ஆய்வாளர்கள் செய்து காட்டினார்கள். 50,000 டாலருக்கும் குறைவான செலவில் அது சாத்தியம் என்பதைச் சுட்டிக்காட்டி, 2021 செப்டம்பரில் வந்த ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 8.8 அந்தப் பழைய கையெழுத்து முறையை இயல்பாகவே நிறுத்திவிட்டது. எஸ்ஹெச்ஏ-2 கொண்டு கையெழுத்திடும் முறை 2018-லேயே தரநிலையாகிவிட்டதால், புதிய கிட் சர்வர்களோடு பேசுகிறவர்களுக்கு மாற்றம் தெரியவே இல்லை. உபுண்டு 18.04-இல் இருந்தது ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 7.6, 22.04-இல் வந்தது 8.9. எங்கள் உள் கிட் சர்வரில் இருந்த எஸ்எஸ்ஹெச் நூலகமோ எஸ்ஹெச்ஏ-1 தவிர வேறு எதையும் ஆர்எஸ்ஏ கீக்கு அறியாதது.

இதற்கு உடனே கிடைக்கும் தீர்வு, பழைய முறையை மறுபடி அனுமதிக்கும் ஒரு வரியை எஸ்எஸ்ஹெச் கான்ஃபிக்கில் சேர்ப்பது. தேடினால் முதலில் கிடைப்பதும் அதுதான். நான் குழுவுக்கு லாகில் இருந்த முந்தைய வரியைக் காட்டினேன். அந்தச் சர்வர் தன்னை ஈசிடிஎஸ்ஏ கீ கொண்டு அறிமுகம் செய்துகொண்டிருக்கிறது. அப்படியானால் அதன் நூலகத்துக்கு ஈசிடிஎஸ்ஏ தெரியும்; நம்மிடமிருந்தும் அந்த வகைக் கீயை அது ஏற்கக்கூடும். புதிதாக ஓர் ஈசிடிஎஸ்ஏ கீயை உருவாக்கி, பப்ளிக் கீயை அந்தச் சர்வரில் பதிந்தோம். ஏற்றுக்கொண்டது. பலவீனமான முறையைத் திறந்துவிடாமலே பில்ட் ஓடியது. ஆர்எஸ்ஏ தவிர வேறு எதையும் அறியாத சர்வராக இருந்திருந்தால் அந்த வரியைச் சேர்த்திருப்போம். ஆனால் அந்த ஒரு ஹோஸ்டுக்கு மட்டும், எப்போது நீக்கப்போகிறோம் என்ற குறிப்போடு.

மூன்றாவது கேள்வி, யாரிடம் காட்டுகிறோம் என்பது. இதில் ஹெச்டிடிபிஎஸ் வழியாகப் போகிறவர்களுக்கு ஒரு தனிக் கண்ணி உண்டு. நிறுவனத்தின் சொந்தச் சான்றிதழ் ஆணையம் கையெழுத்திட்ட சர்டிஃபிகேட்டை இயங்குதளத்தின் நம்பகப் பட்டியலில் சேர்த்தாயிற்று. கமாண்ட் லைனில் கிட் ஓடுகிறது. ஜென்கின்ஸுக்குள் சில ஜாப்கள் மட்டும் தோற்கின்றன. அந்த ஜாப்கள் ஜேகிட்டைப் பயன்படுத்துகின்றன. அது ஜாவாவில் எழுதப்பட்டது; ஜாவாவின் கீஸ்டோரைத்தான் நம்பும். சர்டிஃபிகேட்டை அங்கேயும் சேர்க்க வேண்டும்.

இன்னொரு குழுவில் நான் பார்த்தது எல்லாவற்றையும்விட அலைக்கழித்த கோளாறு. சர்வரை மாற்றியபோதே சர்வீஸ் அக்கவுண்ட்டின் பாஸ்வேர்டையும் மாற்றினார்கள். நல்ல காரியம்தான். புதிய சர்வரில் பில்ட் ஓடும், சிறிது நேரத்தில் நின்றுவிடும், நிர்வாகி அக்கவுண்ட்டைத் திறந்துவிட்டால் மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். புதிய சர்வரின் லாகைப் பார்த்துப் பார்த்து ஓய்ந்துபோனார்கள். கிட் சர்வர் பக்கத்து லாகில், தோற்ற முயற்சிகள் எந்த ஐபியிலிருந்து வருகின்றன என்று பார்க்கச் சொன்னேன். பழைய சர்வரின் ஐபி. ஏதாவது ஆனால் திரும்பிப் போகலாம் என்று அதை அணைக்காமல் வைத்திருந்தார்கள். அது பழைய பாஸ்வேர்டோடு புதிய கமிட் வந்திருக்கிறதா என்று ஓயாமல் கேட்டு, தவறான முயற்சிகளின் வரம்பைத் தாண்டவைத்து, அக்கவுண்ட்டைப் பூட்டவைத்துக்கொண்டே இருந்தது. பழைய சர்வரை வைத்திருக்கலாம். அதன் ஜாப்களை நிறுத்திவிட்டுத்தான் வைத்திருக்க வேண்டும்.

இந்த வேலையில் என்னைக் கவலைப்படுத்துவது கோளாறுகள் இல்லை. அவை எப்படியும் பிடிபட்டுவிடும். ரிலீஸ் நெருங்கும்போது எடுக்கப்படும் குறுக்குவழிகள்தான் கவலை. ஹோஸ்ட் கீ சோதனையை ‘நோ’ என்று போடுவது, எஸ்எஸ்எல் சரிபார்ப்பை ‘ஃபால்ஸ்’ ஆக்குவது, யாரோ ஓர் ஊழியரின் சொந்த டோக்கனை எடுத்து ஒட்டுவது. மூன்றும் பில்டை உடனே பச்சையாக்கும். பிறகு அவற்றைத் திரும்ப மாற்ற யாரும் வருவதில்லை. அந்த ஊழியர் வேலையை விட்டுப் போகும் நாளில் மொத்த பில்டும் நிற்கும்.

பில்ட் சர்வரில் அந்தச் சோதனைகள் மற்ற எந்த இயந்திரத்தையும்விட முக்கியம். எழுதிய கோட் வாடிக்கையாளர் கைக்குப் போகும் பொருளாக மாறுவது அங்கேதான். 2020 டிசம்பரில் வெளிப்பட்ட சோலார்விண்ட்ஸ் ஊடுருவலில், பில்ட் நடக்கும்போதே சோர்ஸ் கோப்பை மாற்றிவைத்துத்தான் கெட்ட கோடை நுழைத்தார்கள். நிறுவனமே கையெழுத்திட்டு அனுப்பிய அப்டேட்டில் அது வாடிக்கையாளர்களிடம் போய்ச் சேர்ந்தது. 2023 மார்ச் 24 அன்று கிட்ஹப் தன் ஆர்எஸ்ஏ ஹோஸ்ட் கீயை மாற்றியது. அதன் பிரைவேட் கீ ஒரு பொது ரெப்போவில் சிறிது நேரம் வெளியாகிவிட்டிருந்தது. சோதனையை அணைக்காமல், அந்தக் கீயை நம்பியிருந்த சர்வர்களில் பில்ட் நின்றது, எச்சரிக்கை வந்தது. கிட்ஹப் வெளியிட்ட கைரேகையோடு ஒப்பிட்டுப் பார்த்து, புதிய கீயைப் பதிந்துகொண்டு வேலையைத் தொடர்ந்தார்கள். அணைத்துவைத்திருந்தவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. எதிரில் கிட்ஹப்பைப் போல வேறு யாராவது நின்றிருந்தாலும் தெரிந்திருக்காது.

அதனால் இப்போது எந்த மாற்றத்துக்கும் முன் ஒரு பட்டியல் போடச் சொல்கிறேன். எந்த கிரெடென்ஷியல், என்ன வகை, எந்த ரெப்போக்களுக்கு, எந்த ஜாப் பயன்படுத்துகிறது, எப்போது காலாவதி, யார் பொறுப்பு. பட்டியல் போடும்போதே பாதிச் சிக்கல் வெளிவந்துவிடும். வேலையை விட்டுப் போனவரின் டோக்கன் அதில் இருக்கும். படிக்க மட்டும் தேவைப்படும் ஜாபுக்கு எழுதும் உரிமை இருக்கும். பழைய கீகளை நகலெடுப்பதைவிடப் புதிய சர்வரிலேயே புதிய கீகளை உருவாக்குவது மேல். பிரைவேட் கீ பிறந்த இயந்திரத்தை விட்டு வெளியே போகத் தேவையில்லை. நோன் ஹோஸ்ட்ஸ் கோப்பைக் கைரேகைகளைச் சரிபார்த்து முன்கூட்டியே நிரப்ப வேண்டும். மாற்றும் நாளுக்கு முன்பே, சேவையின் யூசராக, பட்டியலில் உள்ள ஒவ்வொரு ரெப்போவுக்கும் எல்எஸ்-ரிமோட் கமாண்டை ஓட்டிப் பார்க்க வேண்டும். அது கோடை இறக்காமல் கிளைகளின் பெயரை மட்டும் கேட்டுவரும். கதவு திறக்கிறதா என்று அறிய அது போதும். சப்மாட்யூல்களையும் விட்டுவிடக் கூடாது. தாய் ரெப்போ எஸ்எஸ்ஹெச்சிலும் சப்மாட்யூல் ஹெச்டிடிபிஎஸ்ஸிலும் இருப்பது சகஜம்.

முதல் பச்சை பில்டைப் பார்த்ததும் குழு கலைந்துவிடும். நான் அன்று டிக்கெட்டை மூடுவதில்லை. பழைய சர்வரின் கீகளையும் டோக்கன்களையும் ஒவ்வொன்றாக ரத்து செய்கிறேன். ஏதாவது ஒரு ஜாப் உடைந்தால், அது இத்தனை நாளும் பட்டியலில் இல்லாத ஒரு கீயைச் சார்ந்து ஓடியிருக்கிறது; அதையும் எழுதிச் சேர்த்துச் சரிசெய்கிறேன். எல்லாவற்றையும் ரத்து செய்த பிறகும் எல்லா ஜாப்களும் ஓடினால்தான் அந்தச் சர்வர் இடம் மாறிவிட்டது என்று கையெழுத்துப் போடுவேன்.